ஐஎஸ்எல் இல்லாத சனிக்கிழமை: நம்ம டீம்களும் கல்லூரி கிரவுண்டும்

#1 பெரியமேடு கேலரி

ஐஎஸ்எல் கால்பந்து லீக்ல ஆடுற சென்னையின் எஃப்சிக்கு 2014ல இருந்து தொண்டை கிழியக் கத்துறவன் நான். பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல பி ஸ்டாண்ட் ப்ளூஸ் பசங்க டிரம் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் எப்பவும் உட்காருவேன். 2015 ஃபைனல்ல கோவாவுக்கு எதிரா மெண்டோசா கடைசி நேரத்துல மூணாவது கோல் போட்டப்ப எங்க தெருவே முழிச்சிக்கிச்சு. 2018ல ராத்திரி பஸ் ஏறி பெங்களூர் போய், மெயில்சன் ஆல்வெஸ் ரெண்டு தடவை தலையால அடிச்சதை நேர்ல பார்த்தேன். 2025ல சனிக்கிழமை சாயங்காலம் ஆனா கை கால் ஓடல.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்துற கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரோட முடியறதா இருந்துச்சு. சீசன் எப்போன்னு யாரும் சொல்லல. ஆகஸ்ட்ல நம்ம கிளப்பே வேலைகளைத் தற்காலிகமா நிறுத்தி வைக்கிறதா அறிவிச்சதைப் படிச்சப்ப, வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

அப்படி ஒரு சனிக்கிழமை அண்ணன் பையன் கூப்பிட்டான். "சித்தப்பா, சும்மாதானே இருக்கீங்க, எங்க ஃபைனலுக்கு வாங்களேன்"னு. இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம், லெஃப்ட் பேக் ஆடுறான். ஒரு கல்லூரி கிரவுண்ட்ல மண்டல அளவு ஃபைனல். போனேன்.

மொத்தமே அறுபது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் ஹாஸ்டல் பசங்க. ரெண்டு பெனால்டி பாக்ஸ்லயும் புல் கிடையாது, வெறும் செம்மண். சுண்ணாம்புக் கோடு காலையில பெய்ஞ்ச மழையில பாதி கரைஞ்சு போயிருந்துச்சு. கோல் வலையைத் தேங்காநார்க் கயிறு வச்சுக் கட்டியிருந்தாங்க. எதிர் டீம் வெளியூர் அரசுக் கல்லூரி. அதுல பதினொண்ணாம் நம்பர் பையன் வலது விங்ல ஆடினான். வலது கால் பூட் முன்னாடி வாயைப் பிளந்து கிடக்க, எலக்ட்ரீஷியன் சுத்துற கருப்பு டேப்பால இறுக்கி வச்சிருந்தான். இடைவேளையில எல்லாரும் ஆரஞ்சு சாப்பிட்டாங்க. அவன் மட்டும் ஓரமா உட்கார்ந்து பழைய டேப்பைப் பிரிச்சுட்டுப் புது டேப் சுத்திக்கிட்டு இருந்தான். பல்லால கடிச்சு அறுத்தான்.

ரெண்டாம் பாதியில டச் லைன் ஓரம் பந்து அவன்கிட்ட வந்துச்சு. எதிர்ல எங்க பையன். அவன் அவசரப்படல. பந்தை உள்ளங்காலால ஒரு தடவை பின்னாடி இழுத்தான், தோளை உள்பக்கம் சாய்ச்சான். எங்க பையன் அந்தத் தோளை நம்பிட்டான். அடுத்த செகண்ட் அவன் கார்னர் கொடி கிட்ட நின்னு பந்தைப் பின்னாடி வெட்டிக் கொடுத்துட்டான், கோல். எங்க பையன் ஏமாந்ததுல எனக்குத் துளி வருத்தம் இல்ல. எழுந்து நின்னு கை தட்டினேன். பெரியமேட்டுல நான் காசு கொடுத்துப் பார்த்த எத்தனையோ ஆட்டத்துல அப்படி ஒரு திருப்பம் பார்த்ததில்ல.

ஆட்டம் முடிஞ்சதும் அடுத்து என்னப்பான்னு அவன்கிட்ட கேட்டேன். "ரயில்வே ட்ரையல்ஸ் வரும் சார்"னான். ஐஎஸ்எல் கிளப் எதுவாச்சும் வந்து பார்த்துச்சான்னு கேட்டேன். அந்தக் கேள்வியே அவனுக்கு விளங்கல.

2018 மார்ச்ல கோவாவோட அரையிறுதி ரெண்டாவது ஆட்டம் ஞாபகம் இருக்கா? ஜேஜே ஒண்ணு போட்ட சூட்டோட சூடா வியாசர்பாடி தனபால் கணேஷ் ரெண்டாவதைப் போட்டான். அன்னிக்கு வந்த சத்தம் வேற. வெளிநாட்டு ஆளு அடிச்சா கத்துவோம், நம்ம தெருப் பையன் அடிச்சப்ப பக்கத்துல இருந்த பெரியவர் அழுதாரு. அந்தச் சத்தத்தை மறுபடி கேக்கணும்னா பதினொண்ணாம் நம்பர் பையன் நிக்கிற கிரவுண்டுக்கு யாராச்சும் போகணும். கிளப் போகலன்னா ரசிகர்கள் நாமளாவது போகலாம்ல? உங்க ஊர் நிலவரம் எழுதுங்க.

#2 கோவை நேரு ஸ்டேடியம்

அண்ணா, உங்க பதிவைப் படிச்சதும் 2019 மார்ச் 9 ஞாபகம் வந்துருச்சுங்க. ஐ-லீக் கால்பந்தோட கடைசி நாள். கோவையை ஊரா வச்சு ஆடின சென்னை சிட்டி டீமுக்கு இங்க மினர்வா பஞ்சாபோட ஆட்டம். அதே நேரம் கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால், கோகுலத்தோட ஆடுறாங்க. நம்ம டீம் ஜெயிச்சா கப், சறுக்குனா ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிரும்.

ஆரம்பிச்ச மூணு நிமிஷத்துலயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. அரை நேரம் வரைக்கும் ஸ்டேடியத்துல யாரும் பேசலைங்க. அப்புறம் மான்சி பெனால்டி போட்டாரு. கௌரவ் போரா ரெண்டு போட்டாரு. 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுட்டாங்க, ஆனா 42 புள்ளிதான். நமக்கு 43. ஒத்தைப் புள்ளியில இந்தியாவுக்கே சாம்பியன். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், ரெஜின்னு அந்த டீம்ல நம்ம பசங்க எத்தனை பேருங்க!

2021-22 ஐ-லீக் பட்டியல்ல அந்த டீம் பேரே இல்லைங்க. ஜெர்ஸி இன்னும் என் பீரோவுல மடிச்சு வச்சிருக்கேன். எந்த ஸ்டேடியத்துக்குப் போட்டுட்டுப் போறது?

அதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். பிஎஸ்ஜி கோப்பை பாஸ்கெட்பால் எங்க அப்பா காலேஜ்ல படிச்சப்பவும் நடந்துச்சு, இன்னிக்கும் நடக்குது. ராணுவம், கப்பற்படை, ஐஓபின்னு பெரிய டீமெல்லாம் வந்து ஒரு கல்லூரிக் கோர்ட்டுல ஆடுவாங்க. டிக்கெட் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆபீஸ் முடிச்சுட்டு நேரா போய் உட்கார்ந்துக்கலாம். எங்க ஊர்ல விளையாட்டுல நிலைச்சு நின்னது எதுன்னு கேட்டா நான் அதைத்தாங்க சொல்லுவேன்.

#3 வடுவூர் ஏரிக்கரை

வணக்கம் அண்ணே. நம்ம பக்கம் கபடி. அதைத்தான் எனக்குப் பேசத் தெரியும்.

புரோ கபடி லீக்குக்குத் தமிழ் தலைவாஸ் டீம் 2017ல வந்தப்ப எங்க ஊர்ல வெடி போட்டாங்க. வடுவூர், மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் வந்து பாருங்க, பள்ளிக்கூடம் விட்டா பையன் வீட்டுக்குப் போக மாட்டான், களத்துக்குத்தான் போவான். முதல் சீசன் அவங்க பிரிவுல கடைசி. அடுத்த சீசனும் கடைசி. 2019ல பன்னெண்டு டீம்ல பன்னெண்டாவது. அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், ராகுல் சௌத்ரின்னு பெரிய பேர்களா வாங்கியும் தேறல. பெரிய பேர் ஏழு பேரை நிறுத்தினா டீம் ஆயிடாது. கார்னர்ல இருக்கிறவன் காலைப் பிடிக்கப் போறான்னு கவர்ல இருக்கிறவனுக்கு மூச்சுலயே தெரியணும். அது ஒண்ணா ஆடி ஆடி வர்றது.

2022ல அதைத்தான் பார்த்தோம். 2.26 கோடிக்கு வாங்குன பவன் செராவத் முதல் ஆட்டத்துலயே முட்டி அடிபட்டு வெளிய போனான். எல்லாரும் முடிஞ்சுதுன்னாங்க. அஷன் குமார் கோச்சா வந்து, அறிமுகமே ஆகாத நரேந்தரை வச்சு ஆட்டத்தைக் கட்டினாரு. அந்தப் பையன் முதல் சீசன்லயே 243 ரெய்டு பாயிண்ட். உபி யோதாவோட சமன் ஆகி டை பிரேக்கர்ல ஜெயிச்சோம். அரையிறுதியில புனேகிட்ட ரெண்டே பாயிண்ட்ல, 37-39, விட்டோம். அன்னிக்கு ராத்திரி எங்க டீக்கடையில யாரும் வீட்டுக்குப் போகல.

ஆனா அண்ணே, அந்த ஏழு பேர்ல நம்ம மண்ணுப் பையன் எத்தனை பேரு? நல்லா ஆடுறவன் இல்லாமலா? எங்க பக்கத்துல ராத்திரி டோர்னமென்ட்ல வர்ற ரெய்டரைப் பாருங்க. வெறுங்காலோட ஈர மண்ணுல ஆடிப் பழகினவன். அவனுக்குப் பெரிய போட்டியில விரிக்கிற மேட்ல ஷூ போட்டு நின்னா கால் பிடிச்சுக்கும். மண்ணுல வழுக்கிக்கிட்டே திரும்புறவன் மேட்ல திரும்பினா முட்டி போயிடும். பழக்கணும், அதுக்கு ஒரு வருஷம் வேணும். எங்க சுத்துவட்டாரத்துல கபடிக்கு மேட் போட்டிருக்கிற கல்லூரியை ஒரு கை விரலுக்குள்ள எண்ணிடலாம். மேட் இருக்கிற கல்லூரியில சீட் கிடைச்ச பையன் மேல போறான். கிடைக்காதவன் கோயில் திருவிழாவுக்குத் திருவிழா குத்துவிளக்கும் கட்டிலும் பரிசா வாங்கிக்கிட்டு இருபத்தாறு வயசுல விட்டுடறான். என் கூட ஆடினவன் வீட்ல பதினேழு குத்துவிளக்கு இருக்கு. அவனுக்கு வேலை இல்ல.

#4 சேப்பாக் ஐ ஸ்டாண்ட்

எல்லாரும் உணர்ச்சியா எழுதறீங்க, மதிக்கிறேன். ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஐ, ஜே, கே ஸ்டாண்ட் 2012ல மூடினது 2023லதான் திறந்தாங்க. அத்தனை வருஷமும் வேற கேலரிக்குத் தள்ளாடிட்டு, திறந்த அன்னிக்கு முதல் ஆளா போய் நின்னவன் நான். சிஎஸ்கேல தமிழ்நாட்டுப் பையன் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணி நான் டிக்கெட் எடுத்ததில்ல. தோனி ராஞ்சி, ஜடேஜா சௌராஷ்டிரா, ருதுராஜ் புனே. அவங்களை எங்க வீட்டுப் பிள்ளைன்னு நினைக்க எனக்கு ஒரு நாளும் ஆதார் கார்டு தேவைப்படல. அஞ்சு கோப்பை: 2010, 2011, 2018, 2021, 2023. ஜெயிக்கத் தெரிஞ்ச ஆளை எங்கிருந்தாலும் கூட்டிட்டு வந்ததாலதான் வந்துச்சு. புரொஃபஷனல் டீம்னா அதுதான் வேலை. திறமை தேடி ஊர் ஊரா போறது சங்கத்தோட வேலை, அரசாங்கத்தோட வேலை. அதைக் கிளப் தலையில கட்டாதீங்க.

2025ல வரலாற்றுலயே முதல் தடவையா கடைசி இடம். அப்பவும் சேப்பாக்ல மஞ்சள் குறையல. வேர் இல்லாத டீமுக்கு இப்படியா கூட்டம் வரும்?

#5 பெரியமேடு கேலரி

ஐ ஸ்டாண்ட் அண்ணே, தோனி நம்ம ஆளுதான். அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா நீங்க சொன்ன அஞ்சு கோப்பையில ரெண்டாவதை எடுத்துக்கோங்க. 2011 ஃபைனல், நம்ம சேப்பாக். முரளி விஜய் 52 பந்துல 95. எதிர்ல அந்த சீசன்ல எல்லாரையும் அடிச்சு நொறுக்கிக்கிட்டு இருந்த கெய்ல். புதுப் பந்தை தோனி யார் கையில கொடுத்தாரு? அஸ்வின் கையில. நாலாவது பந்துல கெய்ல் பூஜ்ஜியம், தோனிகிட்ட கேட்ச். அந்தப் பிச்சுல பந்து எங்க நிக்கும் எங்க எகிறும்னு லீக் கிரிக்கெட்லயே ஆயிரம் ஓவர் போட்டுத் தெரிஞ்சு வச்சிருந்த பையன். பத்ரிநாத்தும் அந்த டீம்லதான் இருந்தாரு. ஊர்ப் பையன் இருந்ததாலதான் ஜெயிச்சோம்னு சொல்ல வரல. ஊர்ப் பையன் இருந்தா ஜெயிக்க முடியாதுங்கிறது பொய்னு சொல்றேன்.

அப்புறம் சாய் கிஷோர். 2020, 2021 ரெண்டு வருஷம் மஞ்சள் சட்டை போட்டுப் பெஞ்சுல உட்கார்ந்தான். ஒரு ஆட்டம் கூட இறக்கல. குஜராத் போனதுக்கு அப்புறம்தான் ஐபிஎல்ல பந்தே போட்டான். சாய் சுதர்சன் 2025ல 759 ரன், ஆரஞ்சு தொப்பி, அதுவும் குஜராத்துக்கு. வருண் கொல்கத்தாவுல. நடராஜன், வாஷிங்டன் எல்லாரும் வெளியூர் சட்டையில. இவங்க சேப்பாக்ல வந்து நம்ம டீமை அவுட் ஆக்கும்போது நான் கை தட்டணுமா, வாயை மூடிக்கணுமான்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கும் அந்த நிமிஷம் வந்திருக்கும், இல்லன்னு சொல்லாதீங்க.

#6 கோவை நேரு ஸ்டேடியம்

சாய் கிஷோர் பேரை எடுத்ததால ஒண்ணு சேர்த்துக்கறேங்க. 2024 பிப்ரவரியில ரஞ்சி காலிறுதி எங்க ஊர்ல நடந்துச்சு. எங்கன்னு நினைக்கறீங்க? ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி கிரவுண்டுல. நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிரா. நான் லீவு போட்டுட்டுப் போனேன். சாய் கிஷோர் முதல் இன்னிங்ஸ்ல அஞ்சு விக்கெட், நைட் வாட்ச்மேனா இறங்கி 60, ரெண்டாவது இன்னிங்ஸ்ல நாலு. இன்னிங்ஸும் 33 ரன்னும் வித்தியாசத்துல ஜெயிச்சோம். ஏழு வருஷம் கழிச்சு அரையிறுதி. கல்லூரிப் பொண்ணுங்க பசங்க எல்லாம் கிளாஸ் முடிஞ்சு புத்தகப் பையோட வந்து நின்னு பார்த்தாங்க. கயிறுக்கு அந்தப் பக்கம் கேப்டன் ஃபீல்டிங் மாத்தறது காதுல விழற தூரம். பந்து காத்துல வர்ற சத்தம் கூட கேட்டுச்சுங்க.

அரையிறுதியில மும்பை நம்மளைச் சுருட்டிட்டாங்க, அது வேற. 1987-88க்கு அப்புறம் ரஞ்சி கோப்பை இந்தப் பக்கம் வரவே இல்லை. ஐபிஎல்லுக்கு அழுவோம், இதுக்கு அழ ஆள் இல்லைங்க.

#7 இடதுகை செட்டர்

இவ்வளவு நேரம் படிச்சுட்டு எழுதாம போக முடியல. நான் மூணு வருஷம் ஒரு கல்லூரிக்கு வாலிபால் ஆடினவ. உள்ள இருந்து எப்படி இருக்கும்னு சொல்றேன். அண்ணனுங்க எல்லாரும் "கிளப் ஏன் பார்க்க வரல"ன்னு கேக்கறீங்க. ஆடுற பிள்ளைங்க கிளப்பை எதிர்பார்க்கறதே இல்ல, அதான் நிஜம்.

பிளஸ் டூ முடிஞ்சதும் மே மாசம் கல்லூரி கல்லூரியா செலக்‌ஷன் ட்ரையல்ஸ். ஷூவையும் சர்டிஃபிகேட் ஃபைலையும் தூக்கிட்டு அம்மாவோட பஸ்ல அலைவோம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட், ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல், சாப்பாடு இலவசம்னு சொன்னா வீட்ல பாதி பாரம் இறங்கிடும். எஸ்ஆர்எம் மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நல்ல உயரம் இருக்கிற பிள்ளைங்க போயிடுவாங்க. மிச்சம் பேர் எங்களை மாதிரி. காலையில அஞ்சரைக்கு கிரவுண்ட், ஒம்பதுக்கு கிளாஸ், சாயங்காலம் நாலுக்குத் திரும்ப கிரவுண்ட். முதல்ல மண்டலப் போட்டி, அப்புறம் மண்டலங்களுக்கு நடுவுல, அங்க நல்லா ஆடினா பல்கலைக்கழக டீம். பல்கலைக்கழக டீம்ல இடம் பிடிச்சு அகில இந்தியப் போட்டியில பதக்கம் வாங்கினா கையில ஃபார்ம் 3ங்கிற சர்டிஃபிகேட் வரும். அந்த ஒரு தாள்தான் வாழ்க்கை. ரயில்வே, வங்கி, வருமானவரித்துறை, போலீஸ் எல்லா வேலைக்கும் அதைத்தான் கேப்பாங்க. மாநில அரசு வேலையில விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுக்கும் சர்டிஃபிகேட்தான் பேசும்.

எங்க கல்லூரியில மூணாவது வருஷம் நுழைவுப் படிவத்தை அனுப்ப வேண்டியவங்க தேதி தாண்டி அனுப்பினாங்க. டீமையே சேர்க்கல. பன்னெண்டு பொண்ணுங்களும் ஹாஸ்டல் மாடிப்படியில உட்கார்ந்து அழுதோம். அந்த வருஷம் எங்க டீம் நிச்சயம் மேல போயிருக்கும். அஞ்சு பேருக்கு அதோட ஆட்டம் முடிஞ்சுது. கேள்வி கேக்க யாரும் இல்ல, ஏன்னா எங்களைப் பார்க்க யாரும் வந்ததில்ல. பெரியமேடு அண்ணன் சொன்னதுல எனக்கு இது ஒண்ணுதான் பெருசாப் படுது. அறுபது பேரு வழக்கமா வந்து பார்க்கற டீமுக்கு படிவம் அனுப்ப மறக்க மாட்டாங்க.

ஆம்பளைங்க வாலிபாலுக்காவது 2019ல புரோ வாலிபால் லீக்னு ஒரு நாள் வந்துச்சு. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் நேரு இண்டோர் ஸ்டேடியத்துல காலிகட்டை 3-0ன்னு அடிச்சுக் கப் தூக்கினாங்க. நவீன் ராஜா ஜேக்கப் ஸ்மாஷ் அடிக்கறப்ப எங்க டீம் மொத்தமும் கேலரியில ஒருத்தி கையை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நின்னோம். அந்த லீக் ஒரே சீசன்தான். இப்போ இருக்கிற லீக்ல சென்னை பிளிட்ஸ் ஆடுறாங்க, நல்லது. எங்களுக்கு அந்த மாதிரி லீக் எதுவும் கிடையாது. கல்லூரி முடிஞ்சா வேலை கிடைச்சவ ஆடுவா, கிடைக்காதவ நிறுத்திடுவா. நான் நிறுத்திட்டேன்.

#8 வடுவூர் ஏரிக்கரை

தங்கச்சி, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் தோணல. மாடிப்படியில உட்கார்ந்த பன்னெண்டு பேரு கண்ணு முன்னாடி நிக்கிறாங்க.

கண்ணகி நகர் கார்த்திகாவைப் பார்த்தீங்களா? 2025ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டியில தங்கம் வாங்கின பெண்கள் கபடி டீமுக்குத் துணை கேப்டன். அதே போட்டியில ஆண்கள் டீம்லயும் தங்கம், அதுல ஆடின அபினேஷ் எங்க வடுவூர்ப் பையன். ரெண்டு பேருக்கும் அரசாங்கம் தலா 25 லட்சம் கொடுத்துச்சு. அவன் ஊருக்கு வந்த அன்னிக்கு நாங்க ஏரிக்கரையில இருந்தே ஊர்வலம் விட்டோம். இந்தப் பிள்ளைங்க அடுத்து எந்தக் கல்லூரிக்குப் போவாங்க, எந்த மேட்ல ஆடுவாங்கன்னு கவனிக்க நம்ம பத்துப் பேராவது இருக்கணும்.

#9 தூத்தூர் கடல்

குமரி மாவட்டத்துல இருந்து எழுதுறேன். இங்க தூத்தூர்ப் பக்கம் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல கொஞ்சம் மணல் கிடந்தாப் போதும், கம்பு நாட்டிப் பந்து தட்டுவானுவ. கால்பந்து ஆடுற மைக்கேல் சூசைராஜ், அவன் கூடப் பொறந்த ரெஜின் எல்லாம் இந்தக் கடற்கரையில வளர்ந்தவனுவதான். அப்பன் வள்ளத்துல போவான், மகன் மாநிலத்துக்காகச் சந்தோஷ் டிராஃபி ஆடுவான். ஊர்லயே செயின்ட் ஜூட்ஸ் கல்லூரி இருக்கு. கல்லூரியும் ஊர் கிளப்பும் இங்க வேற வேற இல்ல, காலைல கல்லூரிக்கு ஆடுனவன் சாயங்காலம் ஊருக்கு ஆடுவான்.

எங்களுக்குக் கூட்டம் இல்லேன்னு குறை கிடையாது. திருவிழாவுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் நடந்தா பாட்டிமார் வரைக்கும் வந்து நிப்பாவ. குறை என்னன்னா, நல்லா ஆடுற பயலுக்கு முதல் விளி கேரளாவுல இருந்துதான் வருது. திருவனந்தபுரம் எங்களுக்கு ரெண்டு மணி நேரம் கூட இல்ல. சென்னை ஒரு ராத்திரி. கேரளாக்காரன் வந்து பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போயிடுதான். நந்தகுமார் சேகர் சென்னைப் பையன்தானே? 2023 டியூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா உள்ளே வெட்டி இடது காலால வளைச்சு விட்டானே, வருஷக்கணக்கா அவங்களை ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால்காரன் அவனைத் தோள்ல தூக்கி வச்சான். நம்ம பையன் கல்கத்தாவுல சாமி, சென்னையில தெருவுல நடந்தா எத்தனை பேருக்குத் தெரியும்?

#10 சேப்பாக் ஐ ஸ்டாண்ட்

நான் எழுதினதை மாத்திக்கல. கிளப்புக்கு ஜெயிக்கறதுதான் முதல் கடமை. ஆனா செட்டர் தங்கச்சி எழுதினதுக்குப் பதில் என்கிட்ட இல்ல.

ஒண்ணு யோசிச்சேன். டிஎன்பிஎல் கிரிக்கெட்ல திண்டுக்கல் ஆட்டங்கள் நத்தம் பக்கம் என்பிஆர் கல்லூரி கிரவுண்ட்லதான் நடக்குது. அங்க போய் நான் ரெண்டு ஆட்டம் பார்த்திருக்கேன். அதே கிரவுண்ட்ல கல்லூரி டீம் என்னிக்கு ஆடுதுன்னு எனக்கு இதுவரைக்கும் தோணவே இல்ல. ஆடினா சொல்லுங்க, வர்றேன். லயோலாவுல பெர்ட்ரம் போட்டி வருஷா வருஷம் நடக்குது. நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கற தூரம். இருபது வருஷமா அந்த வழியா ஆபீஸ் போறேன், ஒரு நாள் கூட உள்ள போனதில்ல.

#11 மதுரை எல்லிஸ் நகர்

குறுக்க வர்றேன் அண்ணே, ஒரே ஒரு விஷயம். பெண்கள் கால்பந்து பத்தி யாரும் பேசலையே? எங்க சேது எஃப்சி 2019ல லூதியானாவுல மணிப்பூர் போலீஸை 3-1ன்னு ஜெயிச்சு இந்திய மகளிர் லீக்கைத் தூக்கினாங்க. அதுக்கு முந்தின வருஷம் தமிழ்நாட்டுப் பொண்ணுங்க மணிப்பூரையே ஃபைனல்ல தோற்கடிச்சு தேசிய சாம்பியன். அந்த ரெண்டு டீம்லயும் இருந்த இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரங்க, போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டர். மணிப்பூரை ஜெயிக்கறதுன்னா பெண்கள் கால்பந்துல என்ன அர்த்தம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். கோப்பையோட ஊருக்கு வந்தப்ப ரயில்வே ஸ்டேஷன்ல நான் நின்னேன். மாலை போட வந்தவங்களை விட டீம்ல ஆள் அதிகம்.

#12 பெரியமேடு கேலரி

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நேத்து நடந்ததைச் சொல்லிடறேன்.

செட்டர் தங்கச்சி தனிமடல்ல ஒரு பெண்கள் வாலிபால் ஆட்டம் சொன்னாங்க. நானும் ஐ ஸ்டாண்ட் அண்ணனும் போனோம், இன்னும் நாலு பேர் சேர்ந்தாங்க. கோர்ட் சிமெண்ட் தரை, ஓரத்துல வேப்பமரம். டிரம் கொண்டு போயிருந்தேன். முதல்ல அடிக்கக் கூச்சமா இருந்துச்சு, அங்க யாரும் அடிக்கிற வழக்கம் இல்ல. மூணாவது செட்டு 19-19 ஆனப்ப லிபெரோ, அதான் பின்னாடி நின்னு தடுத்து எடுக்கற பொண்ணு, சிமெண்ட் தரையில அப்படியே முழங்கையை விட்டுப் பாய்ஞ்சு ஒரு பந்தை எடுத்துச்சு. அதுக்கு மேல கை சும்மா இருக்குமா. அடிச்சேன். அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்துச்சு. முழங்கையில ரத்தம், அதைத் துடைச்சுக்கிட்டே எங்களைப் பார்த்துச்சு. அடுத்த பந்துக்கும் அதே மாதிரி பாய்ஞ்சுச்சு.

அந்தப் பொண்ணோட டீம் அந்த செட்டை 23-25ல விட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் உடற்கல்வி இயக்குநர் அம்மா எங்ககிட்ட வந்து எந்தக் கல்லூரி பேரண்ட்ஸ்னு கேட்டாங்க. யாரோட பேரண்ட்டும் இல்லம்மா, பார்க்க வந்தோம்னு சொன்னோம். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் நோட்டுல இருந்து தாளைக் கிழிச்சு, இந்த மாசம் அவங்க டீம் ஆடுற தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தாங்க. ஐ ஸ்டாண்ட் அண்ணன் அந்தத் தாளை வாங்கி பர்ஸ்ல சேப்பாக் டிக்கெட் வச்சிருக்கிற அறையில வச்சுக்கிட்டாரு.

அந்தத் தேதிகளை நாளைக்கு இங்க தட்டச்சுப் பண்ணிப் போடறேன். பதினொண்ணாம் நம்பர் பையனுக்கு ரயில்வே ட்ரையல்ஸ் தேதி வந்துருச்சுன்னு அண்ணன் பையன் சொன்னான். அவன் கால் அளவு எட்டு. பூட் வாங்க அஞ்சு பேர் பங்கு போடறோம், இன்னும் யாராவது சேர்றதா இருந்தா புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க.

#13 தூத்தூர் கடல்

என்னையும் சேத்துக்கிடுங்க அண்ணா. மண் கிரவுண்டுன்னா அடியில ஆணி குட்டையா இருக்கிற பூட் வாங்குங்க, நீளமா இருந்தா செம்மண்ணுல கணுக்கால் மடங்கிடும்.